அளவுக்கு ஒரு விரல்

ஞாயிற்றுக்கிழமை காலை. போனை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார் பூச்சி டாக்டர்.

வாரம் ஆறு நாள் இன்சூரன்ஸ் ஆபீஸில் மாரடிக்கிறவர். டாக்டர் பட்டம் போனில், ஒரு குழுவில் கிடைத்தது. பூச்சிப் படம் போட்டுப் பெயர் கேட்கிற குழு அது. யார் வேண்டுமானாலும் சேரலாம். யார் எதைக் கேட்டாலும் இவர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்று கேட்டவர் புதியவர்.

"ஐயா, வீட்டுச் சுவத்துல இது உக்காந்திருக்கு. பச்சையும் ரோஸுமா ஜொலிக்குது. என்ன பூச்சின்னு சொல்ல முடியுமா?"

படம் கலங்கலாக இருந்தது.

"ஜன்னலைத் திறந்துட்டு இன்னொண்ணு எடுங்க ஐயா. அவசரமில்ல."

"கடிக்குமா?"

"கடிக்காதுங்க. பயப்படாதீங்க."

"துணியை அரிக்குமா?"

"இல்லீங்க. அரளி இலை தின்னு வளர்ற அந்துப்பூச்சி மாதிரி தெரியுது."

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். "காலையில பின்னறையிலேர்ந்து உங்க அப்பா கூப்பிட்டாரே, என்னன்னு கேட்டீங்களா?"

"எத்தனை தடவைதான் கூப்பிடுவார்! தாழ்ப்பாள் கத்துது, குழாய் ஒழுகுதுன்னு எதையாவது சொல்லி உயிரை எடுப்பார். நீயே போய்க் கேளு."

"உங்ககிட்டதான் கேக்கணுமாம். பாவம்."

"எனக்கு வேலை இருக்குல்ல?"

அவள் உள்ளே போய்விட்டாள். போனில் அடுத்த கேள்வி வந்தது.

"தொந்தரவு பண்றேனா ஐயா?"

அவருக்கு மனசு இளகிவிட்டது. "சேச்சே! எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. அளவு தெரிஞ்சா உறுதியாச் சொல்லிடுவேன். பக்கத்துல ஒரு விரலை வெச்சு எடுங்க."

படம் வந்தது. இந்த முறை தெளிவாக இருந்தது. இறக்கையைப் பெரிதாக்கிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அதேதான்.

அப்புறம்தான் விரலைப் பார்த்தார்.

நுனி இல்லாத ஆள்காட்டி விரல். இவரைப் படிக்கவைக்க அச்சகத்தில் ஓவர்டைம் பார்த்தபோது, காகிதம் வெட்டுகிற மெஷின் கொண்டுபோன நுனி.

கால்கள் தானாகப் பின்னறைக்கு ஓடின. சுவரில் பச்சையும் ரோஸுமாக அந்தப் பூச்சி. பேத்தியின் பழைய போனை அப்பா அவசரமாகத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது... என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டுப் பார்த்தேன்ப்பா" என்றார் அப்பா, கொஞ்சமும் கோபமில்லாமல். "வெளியாளுன்னா நீ பொறுமையா பதில் சொல்றியாமே. அதான், நானும் வெளியாளா வந்து கேட்டேன்."