ஊரில் ஒரே வில்வண்டி

“ஆட்டாதீங்க ஐயா, மெதுவா!”

“இருபது வருஷமா ஏத்தி இறக்குறேன், இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் குறை...”

“உங்க வண்டியில வர்றவங்க எப்படிக் குறை சொல்லுவாங்க? அந்த முனையைத் தூக்குங்க!”

ஆம்ப்ரோஸ் ரயிலிலிருந்து இறங்கிய நீளப் பெட்டியின் முனையைத் தூக்கினார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் என்ன சண்டை? 1911-இல் நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் குலுங்காமல் போகும் வில் வைத்த வண்டி அவருடைய சவ வண்டி ஒன்றுதான். ‘நீளப் பெட்டி வருகிறது, வில்வண்டி வேண்டும்’ என்று அந்தப் பெண் லோட்டி கொடுத்திருந்த தந்தியை ஸ்டேஷன் மாஸ்டர் அவரிடம்தான் நீட்டினார்.

குதிரைகள் நடை பிசகாமல் போயின. தெருவில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். லோட்டி பெட்டியைக் கட்டிப் பிடித்தபடியே வந்தாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டி திரும்பியதும் கத்தினாள்.

“இங்க எதுக்கு? பொருட்காட்சித் திடலுக்கு விடுங்க! என் வீட்டுக்காரர் அங்க காத்துக்கிட்டிருக்கார்.”

“அப்ப... உள்ள இருக்கிறது யாரும்மா?”

“யாருமில்லை, ஏரோப்பிளேனோட இறக்கை! இதுல ஒரு குச்சி விரிசல் விட்டிருந்தாலும் அவர் மேலேயிருந்து விழுந்துடுவார். அதுக்குத்தான் இத்தனை கத்தினேன்.”

ஆம்ப்ரோஸ் வண்டியைவிட்டு இறங்கினார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளம் பார்த்துப் பார்த்துத் திடல் வரைக்கும் நடந்தே போனார்.

மாலையில் ஊரே அண்ணாந்து நின்றது. வெயிலில் இறக்கை மின்ன, ஏரோப்பிளேன் புல்லைவிட்டு எழும்பி, கல்லறைத் தோட்டத்து மரங்களுக்கும் மேலே போயிற்று. ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றினார். லோட்டி பக்கம் திரும்பினார்.

“தாயி, இருபது வருஷத்துல என் வண்டியில வந்தது ஒண்ணுகூட எழுந்திரிச்சதில்லையே... இது மேல போகுதே!”