புதுப் பாத்திரம்

ஓவனைத் திறந்ததும் காகிதம் கருகிய வாடை மூக்கில் ஏறியது.

போச்சு. புதுக் கண்ணாடிப் பாத்திரத்தின் பக்கத்தில் இருந்த கடை ஸ்டிக்கர் கருகிச் சுருண்டிருந்தது. பிய்க்காமல் விட்டவளே நான்தான். இந்தப் பாத்திரத்தில் கறி பட்டதே இல்லை என்று சம்பந்தியம்மாவிடம் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். ஸ்டிக்கர் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

“ஏம்மா, ஸ்டிக்கரோடவா ஓவன்ல வைப்பாங்க?” என்று என் மகள் ஜஹீதா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் நிரஞ்சனைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மயிலாப்பூரில் இருக்கிற அவன் வீட்டு வாசலை இன்னும் மிதிக்கவில்லை. மாமனார் இரண்டு பேரிடமும் பேசுவதில்லை. மாமியார் ஜானகி மட்டும் கோயிலுக்குப் போகிற சாக்கில் பூங்காவுக்கு வந்து இவளைப் பார்த்துவிட்டுப் போவார்.

இன்றைக்கு அதே கோயில் சாக்கில் அடையாறுக்கு, எங்கள் வீட்டுக்கு, முதல் தடவையாக மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்.

அவர் இங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் என் பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கும். தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்துவிட்டால்?

சாம்பார் வைக்கலாமா என்று முதலில் யோசித்தேன். மயிலாப்பூர் மாமிக்கு நான் சாம்பார் வைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. காய்கறி போட்டுப் பிரியாணி செய்தாலோ, இதில் என்னத்தை எடுத்துவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பாஸ்தா இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லை, வம்பே வேண்டாம் என்றாள் ஜஹீதா. அதுவும் சரிதான்.

எங்கள் ஓவனில் கோழி வெந்திருக்கிறது. அதனால் மாடி வீட்டு ஜெயின் குடும்பத்திடம் ஓவனை இரவல் வாங்கினேன். பாஸ்தா பாக்கெட்டிலும் சீஸ் பாக்கெட்டிலும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் கிளறி, வெந்த பாஸ்தாவும் குடைமிளகாயும் கேரட்டும் சோளமும் கலந்து, மேலே சீஸைத் துருவிப் போட்டேன். பூண்டு கிடையாது. இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் ஸ்டிக்கரைக் கோட்டை விட்டேன்.

சாப்பாட்டு மேசையில் கருகிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தபோது வாசல் மணி அடித்தது.

ஜானகி சிரித்துக்கொண்டேதான் வந்தார். கையிலிருந்த துணிப்பையை நாற்காலியோரம் வைத்தார். உள்ளே ணங்கென்று ஒரு சத்தம்.

எவர்சில்வர். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?

சொந்தத் தட்டைக் கொண்டுவந்திருக்கிறார். இல்லாவிட்டால் வீட்டுத் தயிர்சாதம். ஜஹீதாவுக்கும் அது கேட்டிருக்கிறது. அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தையே மாடிக்கு ஓவனோடு சேர்த்து அனுப்பியிருப்பேன்.

ஆனாலும் பரிமாறினேன். விருந்தாளி ஆயிற்றே.

ஜானகி பையைத் தொடவில்லை. தட்டைப் பக்கத்தில் இழுத்தார். ஒரு கரண்டி எடுத்து, ஊதி, வாயில் போட்டார். இன்னொன்று. அப்புறம் எட்டிப் பார்த்து, சுவர்ப்பக்க ஓரத்தில் சிவந்திருந்த சீஸைக் காட்டினார்.

“அந்த மொறுமொறுன்னு இருக்கே, அது இன்னும் கொஞ்சம் போடுங்கோ.”

அல்ஹம்துலில்லாஹ். மனதுக்குள் சொன்னேனா வாய்விட்டுச் சொன்னேனா தெரியவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. பாத்திரத்தைத் திருப்பி, கருகிய ஸ்டிக்கர் நன்றாகத் தெரியத் தெரியவே, அந்த ஓரத்தைச் சுரண்டிப் போட்டேன். தெரிந்தால் தெரியட்டும்.

கை கழுவிவிட்டு வந்துதான் அவர் பையைத் திறந்தார். ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். காலி டப்பா.

“கோவிலுக்குன்னு சொல்லிண்டு கிளம்பினேன். ‘சம்பந்தியாத்துக்குத்தானே?’ன்னு எங்காத்துக்காரர் இதைக் கையில குடுத்துட்டார். இதுல கொஞ்சம் போட்டு, ஜஹீதா கையிலேயே ஆத்துக்குக் குடுத்தனுப்பச் சொன்னார்.”

டப்பா மூடியில் கடை ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. என் புத்தி இருக்கிறதே, உடனே கோணலாக ஓடியது. அவர்கள் புழங்குகிற பாத்திரம் எங்கள் வீட்டுக்கு வரக்கூடாதாக்கும், அதுதான் புதுசாக வாங்கியிருக்கிறார் மனுஷர். நான்கூடப் புதுசுதானே வாங்கினேன் என்பது அப்போது ஞாபகத்துக்கு வந்தால்தானே?

சரி, கேட்டதைக் கொடுத்துவிடுவோம் என்று இரண்டு பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். ஓர மொறுமொறுப்பெல்லாம் தீர்ந்திருந்தது. நடுவில் நல்ல துண்டாகப் பார்த்து ஒதுக்கினேன். போடுமுன், உள்ளே தூசு இருந்தால் உதிரட்டும் என்று டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன்.

அடியில், பாத்திரக்கடைக்காரர் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தார்.

ஜஹீதா.