தகரம் வேண்டாம்

"தகரமெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அந்த ரப்பரையே ஒட்டிட்டுப் போங்க, போதும்."

வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு சொல்லிட்டாள் மருமகள்.

நான் உள்ளேயே தங்கிக்கிற கேரவன் வண்டிகளோட ரப்பர் கூரையை ரிப்பேர் பார்க்கிறவன். ஏணி மேல நின்னுக்கிட்டு, யார் பேச்சைக் கேட்கிறதுன்னு தெரியாம முழிச்சேன்.

"ஒட்டி ஒட்டி அலுத்துப் போச்சு," என்றார் அவள் புருஷன். "இவர் ஒட்டிட்டுப் போனா ஒரு மாசம் தாங்கலை, மறுபடி கிழிசல். மேல தகரத்தை அடிச்சுட்டா ஜென்மத்துக்கும் ஒழுகாது. எங்கப்பா நனையக் கூடாது. எனக்கு அவர்தான் முக்கியம், செலவு இல்லை!"

கேட்கவே எனக்குப் புல்லரிச்சது.

ஊர் சுத்திப் பார்க்கணும்னுதான் மகன் அந்த வண்டியை வாங்கினார். ஒரு தடவை சுத்தினதுமே ஆசை தீர்ந்து போச்சு. வீட்டுப் பக்கவாட்டுல நிறுத்திட்டார். அப்புறம் அப்பா இருந்த ரூமுக்கு உடற்பயிற்சி மிஷின் வந்தது. அப்பா வண்டிக்குப் போனார்.

"தனி வீடு மாதிரி! காத்தோட்டம், சுதந்திரம்! எத்தனை பேருக்குங்க இந்தக் கொடுப்பினை?"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் மகன் பீத்திக்குவார்.

பெரியவர் ஜன்னல் வழியா என்கிட்ட மட்டும் சொன்னார்: "வண்டி நின்னு ரொம்ப நாளாச்சுப்பா. நான்தான் ஓடிக்கிட்டிருக்கேன், இங்கேருந்து வீட்டு பாத்ரூமுக்கு."

கூரை ஒழுகினாத்தான் அவருக்கு வீட்டுக்குள்ள இடம். மிஷினை ஓரமா தள்ளிட்டு அவர் கட்டிலைப் போடுவாங்க. நான் ஒட்டி முடிச்ச அன்னைக்கே மகன் அவரைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து, பத்திரமா வண்டியில விட்டுடுவார். மிஷின் பாவம், எத்தனை நாள் ஓரமா நிக்கும்!

"எப்படித்தான் கிழியுதோ!"ன்னு அலுத்துக்கிட்டார் மகன்.

முதல்ல பக்கத்து வீட்டு மரக்கிளை உரசுதுன்னார். சண்டை போட்டு அந்த மரத்தை மொட்டையடிச்சாச்சு. அடுத்து காக்கா கொத்துதுன்னார். இந்தத் தடவை பழி வெயில் மேல.

நான் வாயைத் திறக்கலை. கிளை உரசினா பிசிறு பிசிறா கிழியும். இது கோடு போட்ட மாதிரி ஒரே நேரா இருக்கு. யாரோ கத்தி வச்சு அறுத்திருக்காங்க. அடுத்தவங்க குடும்பத்துல நாம எதுக்கு நெருப்பு வைக்கணும்?

"ஓடாத வண்டிக்குத் தகரம் ஒரு கேடா?" மருமகள் விடலை. "வீட்டுச் செலவைப் பார்க்கிறவ நான். அஞ்சு பைசா தர மாட்டேன். ஒட்டறதுன்னா ஒட்டுங்க, இல்லைன்னா ஆனதைப் பாருங்க."

மகன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பார்த்தீங்கல்ல? பெத்தவருக்குச் செய்ய எனக்கு மனசிருக்கு. வாய்ச்சது இப்படி!"

காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார்.

எனக்கும் பத்திக்கிட்டு வந்தது. என்ன பொம்பளை இவ! பழைய பசையைச் சுரண்டித் துடைச்சு, புது ரப்பர் துண்டை வச்சு உருளையால தேய்ச்சேன். கோபத்துல கொஞ்சம் அதிகமாவே அழுத்தித் தேய்ச்சேன். ஓரத்துக்குப் பூசுற பூச்சைக் கையில எடுத்தப்போ கீழேருந்து குரல் வந்தது.

"அண்ணே, காபி."

இறங்கிப் போய் டம்ளரை வாங்கினேன். அடக்க முடியலை, கேட்டுட்டேன்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அந்த மனுஷன் நனையறதுல உங்களுக்கு அப்படி என்ன சந்தோஷம்? ஒரு தகரம் போட விட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவள் கோவிச்சுக்கலை.

"மாமா ஒரு நாள்கூட நனைஞ்சதில்லைண்ணே. தூத்தல் போடறதுக்கு முன்னாடியே அவரை உள்ளே கூட்டிட்டு வந்துடுவேன்."

"அதெப்படி? மழை பெஞ்சாத்தானே கூரை கிழிஞ்சிருக்குன்னே தெரியும்?"

அவள் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஓரத்துக்கு அந்தப் பூச்சு மட்டும் வேண்டாம்ண்ணே. போன தடவை அதை அறுக்கிறதுக்குள்ள என் காய்கறிக் கத்தி மழுங்கியே போச்சு. குளிர் ஆரம்பிக்கிறதுக்குள்ள மாமாவை நான் வீட்டுக்குள்ள கொண்டு வந்தாகணும்!"