செடி டாக்டரின் செடி

"வீடே மணக்குதும்மா! சாயங்காலம் ஆனா பால்கனிப் பக்கம் தலை வெக்க முடியல, அப்படி ஒரு வாசம்!" என்று போனில் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எதிரே தொட்டியில் ஒரு குச்சி நின்றது. நேற்று வரை நாலு இலையாவது ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று அதுவும் போய்விட்டது.

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்" என்றாள் மனைவி.

"கேமரா மக்கர் பண்ணுது. நீதான் சாயங்காலம் வந்துடுவியே, நேர்லயே பாத்துக்கோ!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சாயங்காலம் என்றால் இன்றைக்குச் சாயங்காலம். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தச் செடிக்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. வீட்டில் அது எக்காளச் செடி. எக்காளத்தைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி இளமஞ்சள் பூக்கள் தொங்கும், பொழுது சாய்ந்தால் மாடிப்படி வரைக்கும் மணக்கும். அதைப் பார்த்துத்தான் குடியிருப்புப் பெண்கள் அவளுக்குச் 'செடி டாக்டர்' என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். யார் வீட்டு ரோஜா வாடினாலும் முதலில் ஓடி வருவது இவளிடம்தான்.

கட்டின கணவரை மட்டும் அவள் செடிக்குக் கிட்டேயே விடமாட்டாள். "விஷச் செடிங்க அது. சாறு பட்டா கண்ணுக்கு ஆகாது. நீங்க உங்க லென்ஸைத் துடைங்க, அது போதும்" என்பாள்.

தானே தண்ணீர் ஊற்றுவாள், தானே உரம் வைப்பாள். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கிளைகளை நறுக்கிக் கவாத்தும் பண்ணிவிடுவாள். திரும்பி வந்து பார்த்தால் செடி கையடக்கமாக, புத்தம் புதுசு போல நிற்கும். ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிற மனுஷர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்.

அப்பேர்ப்பட்டவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது செடியை இவரிடம் ஒப்படைத்தாள். "தண்ணி தாராளமா ஊத்துங்க. மத்தியான வெயில் மட்டும் படக் கூடாது. பத்திரம்!"

பால் பாக்கெட்டை ஒழுங்காக வாங்கி வருவார் என்று கூட அவரை நம்பாதவள் சொன்ன வார்த்தை அது. இதிலாவது பேர் வாங்கிவிட வேண்டும் என்று மனுஷர் துடியாய்த் துடித்தார். வெயில் படாத இடமாகத் தேடித் தேடித் தொட்டியை நகர்த்தினார். நகர்த்தின இடம், ஏசியின் அவுட்டோர் பெட்டிக்கு நேர் முன்னால்.

இவர் உள்ளே ஜிலுஜிலுவென்று தூங்கத் தூங்க, அது வெளியே அனலை ஊதி ஊதிச் செடியை வறுத்தெடுத்துவிட்டது. காரணம் புரிந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

அன்று மதியமே கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த நர்சரிக்கு ஓடினார். பச்சை வலைக்குக் கீழே எக்காளச் செடிகள் வரிசையாக நின்றன. அத்தனையும் வெள்ளை.

"மஞ்சள் இல்லையாண்ணே?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். ஆனா ரெகுலரா வாங்குற ஒருத்தங்களுக்காக எடுத்து வெச்சிருக்கேன்" என்று நர்சரிக்காரர் மூலையைக் காட்டினார்.

மொட்டும் பூவுமாக அம்சமாய் நின்றது அது. உயரம்தான் கொஞ்சம் குறைவு. போகட்டும், கவாத்து பண்ணினேன் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்!

"அண்ணே, கொஞ்சம் மனசு வைங்க. அவங்களுக்கு அடுத்த தடவை குடுத்துக்கலாம்."

"அது தப்பு சார். நம்பிச் சொல்லி வெச்சவங்க. வெள்ளையை எடுத்துக்குங்க, வாசம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"வெள்ளையை வெச்சு நான் என்னண்ணே பண்ணுவேன்? என் பொண்டாட்டி புள்ள மாதிரி வளர்த்த செடி. ஒரு இலை பழுத்தாக்கூட அவளுக்குச் சோறு இறங்காது. முதல் தடவையா என்னை நம்பி விட்டுட்டுப் போனா, நான் கொன்னுட்டேன்!"

நடிப்பில்லை, நிஜமாகவே அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வார், வாடின முகத்தைத்தான் பார்க்க முடியாது.

"நீங்களே பாருங்க, எப்படி வளர்த்திருக்கான்னு!" என்று போனைத் திறந்து ஒரு பழைய போட்டோவை நீட்டினார். பூத்துக் குலுங்கும் செடிக்குப் பக்கத்தில் விருது வாங்கினவள் மாதிரி மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

நர்சரிக்காரர் கை மண்ணைத் தட்டிவிட்டுப் போனை வாங்கினார். செடியைப் பார்த்தார், பக்கத்தில் சிரிக்கும் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் மூலைக்குப் போய் மஞ்சள் செடியைத் தூக்கி வந்து அவர் கையில் வைத்தார்.

கண்ணாடிக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப நன்றிண்ணே! சரி, அந்த ரெகுலர் கஸ்டமர் வந்து கேட்டா என்ன சொல்வீங்க?"

"அவங்களுக்குத்தானே சார் குடுத்திருக்கேன். ஏன், போன தடவை வாங்கிட்டுப் போன செடியும் செத்துப்போச்சா?"