ஐந்தாவது ஆள்

“அஞ்சு பேர் சேர்ந்தாத்தான் மருந்து பாட்டிலை உடைப்போம் சார். இப்ப நாலு பேர்தான் இருக்கீங்க” என்றாள் நர்ஸ் ரேஷ்மா.

அம்பத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடுவார்கள். ஆப்பிரிக்கா பக்கம் போகிறவர்களுக்கு அந்த ஊசி போட்ட கார்டு இல்லாவிட்டால் கதை கந்தல். ஒரு பாட்டிலில் ஐந்து பேருக்கு மருந்து. திறந்தால் உடனே தீர்த்தாக வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது.

வந்திருந்த நாலு பேரில் மூன்று பேர் ஒரே குடும்பம். ஐ.டி. கம்பெனி மேனேஜர் ஸ்ரீகாந்த், மனைவி வர்ஷா, மகள் நிஷா. பள்ளிக்கூட லீவில் கென்யாவுக்குச் சிங்கம் பார்க்கப் போகிறார்கள்.

நாலாவது ஆள் மதுரைவீரன். மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். உகாண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது.

“அப்ப நாங்க கிளம்பறோம். எங்க டூருக்கு இன்னும் நிறைய நாள் இருக்கு. அடுத்த வாரம் வந்துக்கறோம்” என்று ஸ்ரீகாந்த் எழுந்தார்.

மதுரைவீரனுக்குப் பகீரென்றது.

“சார், சார், போயிடாதீங்க. ஊசி போட்டு பத்து நாள் ஆனாத்தான் கார்டு செல்லுமாம். நான் பிளேன் ஏற சரியா பத்து நாள்தான் கீது. இன்னிக்கு உட்டா வேற ஆளை அனுப்பிடுவாங்க சார்.”

“அதுக்கு நாங்க என்னப்பா பண்றது?”

ரேஷ்மாவுக்கே பாவமாக இருந்தது. “யாராவது அந்த அஞ்சாவது ஊசிக்கும் சேர்த்துப் பணம் கட்டிட்டா, இப்பவே போட்டுடலாம் சார்.”

ஸ்ரீகாந்த் செல்போனைப் பார்த்தார். வர்ஷா ஜன்னலைப் பார்த்தாள்.

“என்கிட்ட ஒரு ஊசிக்குத்தான் பணம் கீதுங்க” என்றான் மதுரைவீரன்.

“இங்க இத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்களே, கேட்டுப் பாரேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டா முடிஞ்சுது!” என்றார் ஸ்ரீகாந்த், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. யோசனை சொல்வதற்குக் காசா, பணமா!

மதுரைவீரனின் முகம் சிறுத்துப் போய்விட்டது.

“நான் கையேந்த வரல சார். வேலை பூட்டாலும் போவட்டும். அத்த மட்டும் செய்ய மாட்டேன்.”

ஹாலில் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தவர்களில் ஒருவர் மூலை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். ஆஜானுபாகுவான ஆள், முறுக்கிய மீசை, கழுத்தில் தடிமனாக ஒரு செயின். வேப்பம்பட்டில் தண்ணி லாரி வைத்திருக்கும் துலுக்கானம்.

“இன்னாம்மா, எனக்கும் ஒரு ஊசி போடு. நானும் வெளிநாடு போறேன்.”

“எந்த நாடு சார்?”

“இதோ, இந்தத் தம்பி போற நாடுதான்.”

“பாஸ்போர்ட்?”

“ஊட்ல கீது. நீ கார்டு எழுதறதுக்குள்ள எடுத்துகினு வரச் சொல்றேன். மொதல்ல பணத்தைப் புடி.”

பணம் கட்டியாயிற்று, பாட்டிலும் திறந்தாயிற்று. நிஷா கண்ணை இறுக மூடிக்கொண்டு முதலில் போட்டுக்கொண்டாள். அடுத்து வர்ஷா, ஸ்ரீகாந்த்.

மதுரைவீரன் ஊசி போட்ட கையோடு வீட்டுக்குப் போன் செய்தான். “கண்ணம்மா, போட்டாச்சுமே! ஆமா, போறேன்! அழுவாத, போறேன்னு சொல்றேன்ல!”

கடைசியாகத் துலுக்கானம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரேஷ்மா ஊசியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், மனிதர் துள்ளி எழுந்துவிட்டார்.

“ஐயையோ, இன்னாமா இது! நமக்கு ஊசின்னாலே ஆவாது. நான் வரல இந்த ஆட்டத்துக்கு!”

“சார், பணம் கட்டிட்டீங்களே! திருப்பித் தர மாட்டாங்க சார்!”

“எனக்கு வெளிநாடே வாணாம் தாயே. வேற யாராச்சும் வந்தா அவுங்களுக்குப் போட்டு உடு. என்னை ஆளை உடு!”

செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓட்டமாக வெளியேறினார். ஹாலே சிரித்தது. மதுரைவீரன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“மீசையைப் பாரு, ஆளைப் பாரு! எங்க நிஷாவுக்கு இருக்கிற தைரியம்கூட இல்லை. தண்டத்துக்குப் பணத்தைக் கொட்டிட்டு ஓடறான். சில பேருக்குக் காசோட அருமையே தெரியறதில்லை” என்றார் ஸ்ரீகாந்த்.

ஊசி போட்டதும் உடனே வீட்டுக்குப் போகக் கூடாது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று ரேஷ்மா சொல்லியிருந்தாள். சரி, அதுவரைக்கும் காபி குடிக்கலாம் என்று மூன்று பேரும் ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போனார்கள்.

“அப்பா, அங்க பாருங்க, அந்த அங்கிள்!” என்று நிஷா கிசுகிசுத்தாள்.

துலுக்கானம் ஒரு மேஜையில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு, இன்சுலின் ஊசியை எடுத்துத் தானே வயிற்றில் குத்திக்கொண்டார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ஸ்ரீகாந்துக்குச் சுருக்கென்றது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“வலிக்காதா அண்ணாத்தே?” என்றான் இலை போட வந்தவன்.

“தெனமும் குத்திக்கினு கீறேன். இது ஒரு வலியா?”

“டாக்டரைப் பார்த்துட்டியா?”

“எங்க! டோக்கன் தாண்டிப் பூட்சு. நம்ம பக்கத்துத் தம்பி ஒண்ணு உகாண்டா போவுது நைனா. வழியனுப்பிட்டு வரேன். நீ சோத்தப் போடு.”