வாய்தாவுக்கு ஒரு மீன்

"பதினோராவது வாய்தா!" வக்கீல் கேஸ் கட்டை மேசைமேல் எறிந்தார். "கவர்மெண்ட் வக்கீலுக்கு இன்னைக்குப் பல்வலியாம். போன தடவை மச்சானுக்குக் கல்யாணம். நான் ஒருத்தன்தான் இங்க வேலைவெட்டி இல்லாதவன்!"

"விடுங்க சார், மெதுவாப் பாத்துக்கலாம்." எதிரே இருந்த மீனவர் சங்கத் தலைவர், காகிதத்தில் சுற்றிய மீனை மேசை ஓரமாக வைத்தார். வாய்தாவுக்கு ஒன்று என்று மூன்று வருடமாகத் தவறாமல் வருகிறது.

மீன் குஞ்சு பொரிக்கும் இடம் என்று முகத்துவாரத்தை ஒட்டிய கடலில் வலை போட அரசு தடை விதித்திருந்தது. எதிர்த்து வழக்குப் போடுவதென்று சங்கம் கொதித்தெழுந்து முடிவு செய்தது. ஊரில் இத்தனை வக்கீல்கள் இருக்க, இருபது வருடத்தில் ஒரு கேஸ்கூட ஜெயிக்காத இவரைத் தேடி வந்தார் தலைவர். "உங்களை நம்பித்தான் குடுக்கறேன்" என்று அவர் சொன்னபோது வக்கீலுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நம்பிக்கைதான் இப்போது அரித்தது. வீட்டில் மனைவி வேறு பிடித்துக்கொண்டாள்.

"முதல் வாய்தாவுக்கு வந்த மீன் என் உள்ளங்கை அளவுகூட இல்ல. இப்ப வர்றது சட்டியில அடங்க மாட்டேங்குது. இவ்வளவும் வாங்கித் தின்னுட்டு, அந்த மனுஷனுக்கு ஒரு தீர்ப்பு வாங்கித் தரத் துப்பில்லையா உங்களுக்கு?"

சுருக்கென்று தைத்தது. அடுத்த வாய்தா வருவதற்குள் கேஸ் கட்டை வரி விடாமல் படித்தார். தடை போடுமுன் மீனவர்களிடம் கருத்துக் கேட்டிருக்க வேண்டும், அரசு கேட்கவேயில்லை. வாய்தா அன்று அவர் அதை எடுத்துச் சொல்ல, நீதிபதி விசாரித்ததும் அரசு வக்கீல் தலையைச் சொறிந்தார். அன்றே தடை ரத்தானது.

வராந்தாவில் சங்கத்து ஆட்கள் வக்கீலைத் தோளில் தூக்காத குறை. தலைவர் மட்டும் தூணோரம் கையில் மீனோடு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஜெயிச்சுட்டோம் தலைவரே!"

"தெரியுது சார். நாளைக்கே அத்தனை போட்டும் அங்கதான் போகும். ஒரே மாசத்துல குஞ்சு குளுவான் விடாம வாரிடுவாங்க." மீனை நீட்டினார். வக்கீல் அதை இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருந்தது. "அங்க மூணு வருஷம் வலை விழாததாலதான் இது இந்த அளவுக்கு வளந்து வெளிய வந்துச்சு. சங்கத்துல சொன்னா எவன் கேக்கறான்?"

"அப்புறம் எதுக்குக் கேஸ் போட்டீங்க?"

"நான் போடலேன்னா வேற எவனாவது நல்ல வக்கீலாப் பாத்துப் போட்டிருப்பான்." தலைவரின் குரல் உடைந்தது.

"நீங்க தோத்துடுவீங்கன்னு நம்பித்தானே சார் உங்ககிட்ட வந்தேன்!"