உறுப்பினர் லியாவின் தலைக்கட்டு

"கீலுங் தொகுதிப் பெருமக்களே! உங்கள் உறுப்பினர் உங்களுக்காக ரத்தம் சிந்தியிருக்கிறார்!" என்று தலையில் காயக்கட்டோடு கைப்பேசித் திரையில் தோன்றி, வாராந்தர அறிக்கையைத் தொடங்கினார் லியாவ்.

மீன் சந்தையில் மெய்யூன் கத்தியைக் கழுவியபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் அவள் கடைக்குள்தான் பாயும். மூன்று தேர்தலாக அதற்கு விடிவில்லை.

லியாவ் தேசப் பிரச்சினையில் இருந்தார். காலையில் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் ஐந்து பேர் அவர் கழுத்தை நெரித்து, நாற்காலியால் மண்டையைப் பிளந்தார்களாம். அவரும் இரண்டு பேரின் பல்லை உடைத்தாராம். வாரம் தவறாமல் அடிதடி நடக்கும் இடம்தான் அது.

"பாவிங்க! இப்படியா அடிப்பானுங்க?" என்றாள் அப்போதுதான் பக்கத்துக் கடையைத் திறந்த ஆச்சுன்.

"சாக்கடையைப் பத்தி ஏதாவது சொல்றாரா பாரு."

"மனுசன் மண்டை உடைஞ்சு உக்காந்திருக்கான், உனக்குச் சாக்கடையாக்கா?"

லியாவின் குரல் சற்று நடுங்கியது. "இறுதியாக உள்ளூர்ச் செய்தி. மீன் சந்தைச் சாக்கடை வேலை நாளையே தொடங்கும்."

"பாத்தியாக்கா! அத்தனை அடியிலயும் நம்மள மறக்கல!"

மெய்யூன் தன் மீன் பலகையைப் பார்த்தாள். அன்று விடியுமுன் தனியாகக் கை குலுக்க வந்த லியாவின் மண்டையில் அவள் இறக்கிய உறைந்த சூரைமீன் இன்னும் விற்காமல் கிடந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சட்டமன்றத்துக்கு விடுமுறை.